மாதக் கணக்கை முடிக்கத் தெரிந்தவர்

பி.காம். முடித்த ஒருவரிடம் இறுதிக் கணக்கு தயாரிக்கச் சொல்லித் தேர்வுத் தாளைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். இருப்பாய்வு கேள்வியிலேயே இருக்கும். கீழே ஏழெட்டுச் சரிக்கட்டுதல்கள் இருக்கும். தேய்மானம், வாராக்கடன், இறுதிச் சரக்கிருப்பு எல்லாம் அதனதன் இடத்தில் போய்ச் சேர்ந்ததும் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். அதே மாணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாள் அவர் மேசைக்கு வருவது ஒரு கட்டு பில். சில பில்களில் மை மங்கியிருக்கும். சில வாட்ஸ்அப்பில் போட்டோவாக மட்டும் இருக்கும். ஒன்றில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணே தப்பாக இருக்கும். கல்லூரியில் கணக்கு தொடங்குகிற இடத்துக்கு வரும்போது, வேலையில் கணக்கு ஏறக்குறைய முடிந்திருக்கும். அந்தக் கட்டு பில்லிலிருந்து இருப்பாய்வு வரை உள்ள தூரத்தை யாரும் வகுப்பில் நடத்துவதில்லை.

சி.ஏ. படிக்கப் போகிறவரானாலும், டேலி தெரிந்த கணக்கராக ஊரிலேயே வேலை தேடுகிறவரானாலும், சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பன்னாட்டு நிறுவனத்தில் சேர நினைப்பவரானாலும், முதல் இலக்கு ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிறு தொழிலின் ஒரு மாதக் கணக்கை, முதல் பில்லிலிருந்து கடைசி ரிட்டர்ன் வரை, பக்கத்தில் யாரும் இல்லாமல் நீங்களே முடிக்க வேண்டும். அது கைவந்துவிட்டால் பிறகு எந்தத் தேர்வுக்கும் எந்தப் பதவிக்கும் அடித்தளம் இருக்கும்.

ஒரு மாதத்துக்குள் என்ன நடக்கிறது

திருப்பூர்க் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். நூல் வாங்குகிறார்கள். நிட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். துணியாகி வந்ததும் சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். பெரும்பாலான கட்டங்களில் சரக்கு வேறு ஒருவர் இடத்துக்குப் போய்த் திரும்புகிறது. ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கு விற்பனை ஆகாது. டெலிவரி சலான் போட்டு அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் அது திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்தச் சலானில் எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது, சாயத்தில் எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் கணக்கருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடோனுக்குள் கால் வைக்காத கணக்கர் இந்தத் தொழிலின் கணக்கை ஒருநாளும் சரியாக எழுத முடியாது. சேர்ந்த முதல் வாரமே குடோன் பொறுப்பாளரிடம் போய், சரக்கு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு தேதிகள். முந்தைய மாதம் பிடித்த டிடிஎஸ்ஸை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1-இல் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி 14-ஆம் தேதி வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15-ஆம் தேதி. வரி கட்டி ஜிஎஸ்டிஆர்-3பி போட 20-ஆம் தேதி. கணக்கரின் மாதம் முழுவதும் இந்தத் தேதிகளைச் சுற்றியே ஓடும். அரசு சில நேரம் கெடுவை நீட்டிக்கும். அதை நம்பி வேலையைத் தள்ளிப் போடக் கூடாது.

இவற்றில் புதியவர்கள் மிகக் குறைவாகப் புரிந்துகொள்வது 2பி. நீங்கள் 2,00,000 ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்கினீர்கள். 5 சதவீத ஜிஎஸ்டி, 10,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த 10,000-ஐ உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நூல் விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்த பில்லைக் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் உங்கள் 2பி-யில் அது வராது. அந்த மாதம் அந்த 10,000-ஐ முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பில் இருக்கிறது, பணம் போயிருக்கிறது, சரக்கும் குடோனில் இருக்கிறது. இருந்தும் கிரெடிட் இல்லை. ஆகவே 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில் உங்கள் பர்ச்சேஸ் பதிவையும் 2பி-யையும் வரி வரியாக ஒப்பிட்டு, விடுபட்ட ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் செய்து, ஏன் காட்டவில்லை என்று கேட்பது உங்கள் வேலை. பெரும்பாலும் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும்; அல்லது பில் எண் தப்பாக ஏறியிருக்கும். சிலர் ரிட்டர்னே போடாமல் இருப்பார்கள். யார் தொடர்ந்து போடுவதில்லை என்று ஒரு பட்டியல் வைத்து முதலாளியிடம் காட்டுங்கள். அடுத்த முறை நூல் வாங்கும்போது அவர் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவார். கணக்கருக்குக் கம்பெனியில் மரியாதை தொடங்குவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் கொடுக்கும் கூலிக்கு டிடிஎஸ் உண்டு. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதமும் மற்றவர்களுக்கு 2 சதவீதமும் பிடிக்க வேண்டும். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். பணம் கொடுத்த பிறகு பான் எண் கேட்டு அலைவது வீண். புதிய பார்ட்டியின் பெயரை டேலியில் சேர்க்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள். ரொக்கமாக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த செலவை வருமான வரி ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு விதியும் சேர்ந்தது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும்; எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அந்தக் கெடு தாண்டி நிற்கும் தொகையை, உண்மையில் எந்த ஆண்டு கொடுக்கிறாரோ அந்த ஆண்டுதான் செலவாகக் கழிக்க முடியும். மூன்று மாதம், நான்கு மாதம் கடன் என்பது பழக்கமாகிவிட்ட ஊரில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். மார்ச் மாதம் இருபதாம் தேதி இதைப் பார்த்துப் பயனில்லை. டிசம்பரிலேயே யாருக்கு எவ்வளவு நாள் பாக்கி என்று எடுத்து வைக்கிற கணக்கரை எந்த முதலாளியும் வேலையை விட்டுப் போக விடமாட்டார்.

கடைசியாக வங்கிச் சரிகட்டல். வங்கிக் கணக்கு அறிக்கையும் உங்கள் பேரேடும் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் ஒத்துப்போன பிறகுதான் மாதம் முடிந்தது என்று சொல்லலாம். வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கத்தை முதல் மாதமே தவிர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் தேடும்போது அந்தப் பணம் எதற்கு வந்தது என்று சொல்லக்கூடியவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

எங்கே தொடங்குவது

பெரிய நிறுவனத்தின் சேவை மையத்தில் சேர்ந்தால் சம்பளம் சற்றுக் கூடுதல், ஏசி அறை, கேப் வசதி. ஆனால் மூன்று ஆண்டு முழுவதும் சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணத்துக்கு அனுப்பும் வேலை மட்டுமே செய்ய நேரலாம். அந்த பில் பிறகு எங்கே போகிறது, வரியில் என்ன ஆகிறது, லாபத்தை எப்படி மாற்றுகிறது என்று தெரியாமலே அனுபவம் மூன்று ஆண்டாகிவிடும். மாறாக, ஈரோட்டிலோ விருதுநகரிலோ ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தால் சம்பளம் குறைவு; ஆனால் மஞ்சள் மண்டி, அரிசி ஆலை, மருந்துக் கடை, பள்ளி அறக்கட்டளை, கட்டட ஒப்பந்தக்காரர் என்று பலவகைக் கணக்குகளும் ஒரே ஆண்டில் கைக்கு வரும். முதல் இரண்டு ஆண்டைத் தேர்வு செய்யும் உரிமை உங்களுக்கு இருந்தால், ஆடிட்டர் ஆபீஸையே தேர்ந்தெடுங்கள்.

அந்த உரிமை எல்லோருக்கும் இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியவர் கூடுதல் சம்பளத்தை எடுத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. அப்படிப் போனவர் ஓராண்டு முடிந்ததும் மேலாளரிடம் மாத இறுதிக் கணக்கு முடிக்கும் குழுவுக்கு மாற்றம் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அது தானாக வருவது அரிது.

எல்லா ஆடிட்டர் ஆபீஸும் ஒன்றுபோல் இருக்காது. வங்கிக்கு ஓடுவதற்கும் ஜெராக்ஸ் எடுப்பதற்கும் மட்டும் ஆள் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்கலாம்: எத்தனை மாதத்தில் ஒரு கிளையண்டின் வேலையை முழுதாகக் கொடுப்பீர்கள், ஆடிட்டுக்கு வெளியூர் அழைத்துப் போவீர்களா, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதும்போது பக்கத்தில் உட்கார வைப்பீர்களா? பதிலைவிட, கேள்வியை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

டேலி சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்து பாருங்கள். டேலி பிரைமை எஜுகேஷனல் முறையில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது போதும். மாமாவோ சித்தப்பாவோ கடை வைத்திருந்தால் மூன்று மாத பில்களைக் கேட்டு வாங்கி, முழுவதும் ஏற்றுங்கள். பயிற்சி மையத்தின் புத்தகத்தில் வரும் பில்கள் எல்லாம் தெளிவாக இருக்கும். உண்மை பில்களில் குழப்பம் இருக்கும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சம்பளம். எக்செலில் விலுக்கப், பிவட் டேபிள், சம்இஃப்ஸ் மூன்றும் தண்ணீர்பட்ட பாடாக வேண்டும். 2பி ஒப்பீடு இவற்றால்தான் நடக்கும்.

சி.ஏ. என்றால் எவ்வளவு தூரம்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949 ஜூலை 1 அன்று நாடாளுமன்றச் சட்டத்தின்படி தொடங்கப்பட்டது. கம்பெனிச் சட்டத்தின்படி நிறுவனங்களின் நிதிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை சி.ஏ.க்களுக்கு மட்டுமே உண்டு. 2023 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய திட்டப்படி, பிளஸ் டூ முடித்தவர் நான்கு தாள்கள் கொண்ட பவுண்டேஷன் எழுத வேண்டும். வணிகவியல் பட்டதாரி 55 சதவீதமும், மற்ற பட்டதாரிகள் 60 சதவீதமும் வாங்கியிருந்தால் நேரடியாக இன்டர்மீடியட்டுக்கு வரலாம். இன்டரில் இரண்டு குரூப், ஆறு தாள். இரண்டு குரூப்பும் தேறிய பிறகு இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. முன்பு இது மூன்று ஆண்டாக இருந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் படித்த பிறகு பைனல். அதிலும் ஆறு தாள், கடைசித் தாள் புத்தகம் பார்த்து எழுதுவது. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும். ஒரு தாளில் மட்டும் 38 வாங்கியதால் முழு குரூப்பையும் இழந்தவர்கள் ஏராளம். அதனால் பிடித்த பாடத்தில் 80 எடுக்கப் பார்ப்பதைவிட, பயப்படும் பாடத்தை 45-க்குக் கொண்டுவருவது முக்கியம்.

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய சுமை. அதைச் சிறிதாகக் காட்ட எனக்கு மனமில்லை. ஆனால் சுமை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி குறையும். கணக்குப் பாடங்களில் அது மிகக் குறைவு. சட்டத்திலும் தணிக்கையிலும்தான் வாக்கியம் எழுத வேண்டும். பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் பாடப் புத்தகங்களை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தினம் ஒரு சட்டப் பிரிவை எடுத்து, தமிழில் ஒருவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். புரிந்ததை எழுதும்போது மொழி கூடவே வரும். புரியாமல் மனப்பாடம் செய்தவர், ஆங்கில வழியில் படித்தவராக இருந்தாலும் அந்தத் தாளில் திணறுவார்.

வருமான வரியில் ஒரு எச்சரிக்கை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற பிரிவினை போய் வரி ஆண்டு வந்திருக்கிறது. சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்கும் வழக்கம் இந்தப் பாடத்தில் மட்டும் வேண்டாம். எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்தே வாங்குங்கள்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் உதவித்தொகை சிறியது. அதைவிடப் பெரிய ஆபத்து, பெயருக்குப் பதிவு செய்துவிட்டு ஆபீஸ் போகாமல் கோச்சிங் மட்டும் போவது. விதிப்படி அது தவறு. அதோடு அப்படித் தேறியவர் முதல் தணிக்கையில் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்ட மோசடியை நினைத்துப் பாருங்கள். 5,000 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் புத்தகத்தில் இருந்த தொகை உண்மையில் இல்லவே இல்லை. வங்கி இருப்பை நிறுவனம் நீட்டும் காகிதத்தில் பார்த்துவிட்டு நகராமல், வங்கியிடமே நேராக எழுதிக் கேட்டு, பதில் நேராகத் தணிக்கையாளருக்கு வர வேண்டும் என்பது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிற வரி. அந்தக் கடிதத்தை நீங்களே தயாரித்து, பதில் வராதபோது மூன்று முறை நினைவூட்டி, வந்த தொகை ஒத்துப்போகாதபோது மேலதிகாரியிடம் சொன்ன அனுபவம் ஆபீஸில்தான் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளை வெளியூர் ஆடிட்டுக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு ஆர். சிவபோகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல், சி.ஏ.க்கு முந்தைய ஜி.டி.ஏ. தேர்வில் தேறிய முதல் இந்தியப் பெண். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே வந்தது. அவர் நீதிமன்றம் போய் வென்று, சென்னையில் தொழில் நடத்தினார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் நீதிமன்றம் போய்த் திறந்த கதவு அது.

மற்ற வழிகள்

உற்பத்திச் செலவில் ஆர்வம் இருந்தால் சி.எம்.ஏ. நல்ல படிப்பு, ஆலை இருக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஏ.சி.சி.ஏ., அமெரிக்க சி.எம்.ஏ. படித்தவர்களுக்குச் சென்னையின் பன்னாட்டு மையங்களில் வேலை உண்டு. இந்தியாவில் தணிக்கைக் கையெழுத்திட அவை உதவாது; கட்டணமும் அதிகம். இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். அரசுப் பணி வேண்டுமென்றால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, 2ஏ தேர்வில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை உதவி ஆய்வாளர், அறநிலையத் துறைத் தணிக்கை ஆய்வாளர் போன்ற பதவிகள் வரும். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வு வழியாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலகங்களுக்குப் போகலாம்.

முதலாளி கேட்கும்போது

எந்த வழியில் போனாலும் ஒரு நாள் இது வரும்.

"தம்பி, இந்த பில்ல போன மாசத் தேதியில போட்டுருங்க."

"அண்ணா, போன மாசத்துக்கு ரிட்டர்ன் போட்டாச்சுங்க. இந்த மாசத் தேதியிலயே போட்டுக்கலாங்க. பார்ட்டிகிட்ட நானே பேசிச் சொல்லிடறேனுங்க."

முடியாது என்பதோடு நிறுத்தாமல், என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வது பயன் தரும். பலர் சட்டம் தெரியாமல்தான் கேட்கிறார்கள். வழி காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். அப்படியும் இல்லாத செலவுக்கு பில் கேட்பவர், கையெழுத்து மட்டும் போடச் சொல்பவர் என்றால், உங்கள் மறுப்பை மின்னஞ்சலில் எழுதி வைத்துவிட்டு வேறு வேலை தேடுங்கள். வேலை தேடும் அந்த இரண்டு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்காகவே மூன்று மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக வைத்திருங்கள். நேர்மைக்கு அது பெரிய துணை.

நேர்காணலுக்கு எடுத்துப் போக வேண்டியது

ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய தொழில்கள் மற்ற தொழில்களுக்குப் போடும் விற்பனை பில்களில் இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம். அந்த விற்பனை விவரம் போர்ட்டலுக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. வங்கிப் பதிவுகளை மென்பொருளே இறக்கிக்கொள்கிறது. தட்டச்சு வேகத்தை மட்டும் நம்பும் கணக்கருக்கு இடம் சுருங்கி வருகிறது. நேர்காணல் செய்பவரும் அதனால்தான் சான்றிதழ்க் கோப்பைப் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறார்.

நீங்கள் வேறொரு கோப்பும் எடுத்துப் போங்கள். மாமா கடையின் ஒரு மாதக் கணக்கு: பில் பட்டியல், டேலி நாளேட்டின் அச்சு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், 2பி ஒப்பீடு, அந்த மாத லாப நட்டக் கணக்கு. கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், பார்ட்டி பெயர்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்; மாமாவிடம் அனுமதியும் வாங்குங்கள். முதல் பக்கத்தில், ஒத்துப்போகாமல் இருந்த மூன்று தொகைகளையும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் அரைப் பக்கம் எழுதுங்கள். காரணம் இன்னும் தெரியாத தொகை இருந்தால் அதையும் தெரியவில்லை என்றே எழுதிவிடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்.